யானைப்பூண்டு வெறும் பெரிய பூண்டு அல்ல

அண்ணாச்சி, யானைப்பூண்டுப் பல்லைப் பாளையங்கோட்டை மாடித் தொட்டியில் ஊன்றினால் 3 மாதத்தில் பெரிய பெரிய பூண்டாக எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நடக்காது. பெயரில்தான் பூண்டு, இனத்தால் அது வெங்காயக் குடும்பத்து லீக்ஸ் கீரைக்குத்தான் நெருங்கிய சொந்தம். குளிர் நாடுகளிலேயே விளைய சுமார் 8 மாதம் ஆகும். பல வாரக் குளிர் கிடைக்காவிட்டால் பல் பிரியாமல் ஒற்றைக் குண்டாக நின்றுவிடும். நம்மூர் மார்ச் வெயிலுக்கு அதுகூட நிச்சயமில்லை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டும் கொடைக்கானல் குளிரில்தானே விளைகிறது? உங்கள் பேச்சை நம்பி யாரும் விதைப்பூண்டுக்குக் காசைக் கொட்டிவிடக் கூடாது.

சின்ன உள்ளியை (சின்ன வெங்காயத்தை)த் தாண்டிப் புதுசாக ஏதாவது வேண்டுமென்றால் கார்லிக் சைவ்ஸ் வையுங்கள். தட்டை இலை, நல்ல பூண்டு வாசம், வெயிலும் தாங்கும், அறுக்க அறுக்கத் துளிர்க்கும். அப்புறம், விதை புதுசா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு வருடம் தாண்டினால் முளைப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.