தாந்தா கட்டியவருக்கு ஏன் கிரெடிட் ஸ்கோர் இல்லை?

அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் சிறு வணிகர்களுக்கு உதவ லாப நோக்கற்ற அமைப்புகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. 'இத்தனை லட்சம் டாலர் கடன் கொடுத்தோம், இத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள்' என்று ஆண்டறிக்கையில் பெருமையாகப் போடுவார்கள். என்னைக் கேட்டால் கடன் கொடுப்பது அவர்கள் வேலையில் கடைசிக் கட்டம்தான். வியாபாரி ஏற்கெனவே சம்பாதித்து வைத்திருக்கும் நல்ல பெயரை வங்கிக்குப் புரியும் காகிதமாக மாற்றித் தருவதுதான் அசல் சேவை. அதை உருப்படியாகச் செய்பவர்கள் குறைவு.

மெக்சிகோக்காரர்கள் 'தாந்தா' என்பது நம்ம சீட்டுதான். டொமினிக்கன்காரர்கள் அதையே 'சான்' என்பார்கள், பெருவில் 'ஹுந்தா'. பத்துப் பேர் மாதம் 100 டாலர் போடுவார்கள், முறை வைத்து ஒருவர் 1,000 எடுத்துக்கொள்வார். ஏலமும் இல்லை, தள்ளுபடியும் இல்லை, நம் குலுக்கல் சீட்டு மாதிரி. பத்து வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிய, தமாலே என்ற சோளமாவுப் பலகாரம் விற்கும் வியாபாரி வங்கிக்குப் போனால், கணினியில் அவர் பெயருக்கு எதிரே ஒன்றும் இருக்காது. கடன் வாங்கித் திருப்பாதவரைவிட, கடனே பதிவாகாதவர் சில சமயம் அதிகம் அலைகிறார்.

இந்த இடத்தில்தான் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் அசெட் ஃபண்ட் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தது. 2007-இல் தொடங்கிய அமைப்பு. லெவி ஸ்ட்ராஸ் ஜீன்ஸ் கம்பெனி வாலென்சியா தெரு ஆலையை மூடிய பிறகு வந்த 10 லட்சம் டாலர்தான் விதைப்பணம். இதை நடத்திய ஹோசே கின்யோனெஸ் தாந்தாவை ஒழிக்கப் பார்க்கவில்லை, அதற்கு ஒரு கடன் பத்திரம் போட்டார். சீட்டில் சேரும் ஒவ்வொருவரும் வட்டியில்லாக் கடன் என்று கையெழுத்துப் போடுகிறார்கள். மாதத் தவணை விவரம் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று கடன் வரலாற்றைப் பதியும் மூன்று நிறுவனங்களுக்கும் போகிறது. அமெரிக்க வங்கிகள் பார்க்கும் கிரெடிட் ஸ்கோரான ஃபைகோ ஸ்கோர் உருவாகவே குறைந்தது 6 மாதப் பழைய கணக்கு ஒன்று வேண்டும். 10 மாதச் சீட்டு முடியுமுன்பே அது வந்துவிடுகிறது. லாப நோக்கற்ற அமைப்புகள் இப்படி 2,500 டாலர் வரை வட்டியில்லாமல் கொடுக்க, கலிஃபோர்னியா 2014-இல் எஸ்பி 896 என்று தனிச் சட்டமே போட்டது.

ஒன்றைச் சேரும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். 30 நாள் தாமதமானால் அதுவும் பதிவாகும். அக்கம்பக்கத்துத் தாந்தாவில் 'அடுத்த வாரம் தர்றேன்க்கா' என்றால் போதும், இங்கே அது நடக்காது.

அடுத்தது ஐடின் எண். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்கள் வரி கட்டுவதற்காக 1996-இலிருந்து தரப்படும் 9 இலக்க எண், முதல் இலக்கமும் 9. படிவம் டபிள்யூ-7, பெரும்பாலும் வரித் தாக்கலோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். சிக்கல், அடையாளத்துக்குக் காட்டும் பாஸ்போர்ட்டில்தான். அசலைத் தபாலில் அனுப்பச் சொன்னால் யாருக்குத் துணிச்சல் வரும்? வருமான வரித்துறை அங்கீகரித்த சான்றளிக்கும் முகவர் அலுவலகத்திலேயே இருந்தால், அவர் பார்த்துச் சரிபார்த்துக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். ஓர் அமைப்பை நான் எடைபோட முதலில் பார்ப்பது இப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா என்பதைத்தான். தொடர்ந்து மூன்று வருடம் வரித் தாக்கலில் பயன்படாத எண் காலாவதியாகும் என்பதையும் யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்த உதவி கிடைக்காதவர்கள் 'நொத்தாரியோ' பலகையைத் தேடிப் போகிறார்கள். லத்தீன் அமெரிக்காவில் நொத்தாரியோ என்றால் சட்டம் படித்த பெரிய மனிதர். இலங்கைத் தமிழர்களுக்கு இது சட்டென்று புரியும், காணி உறுதி எழுதும் நொத்தாரிசு இருக்கிறாரே, அந்த மாதிரி. அமெரிக்க நோட்டரி வெறும் கையெழுத்துச் சாட்சி. பெயர் ஒன்றாக இருப்பதை வைத்தே பணம் பிடுங்கும் கூட்டம் ஒன்று பிழைக்கிறது.

இனி யாருக்கும் பிடிக்காத விஷயம்: ஷெட்யூல் சி, அதாவது தனி வியாபாரி லாப நட்டக் கணக்குக் காட்டும் வரிப் படிவம். கைக்காசு வியாபாரத்தில் வரியைக் குறைக்க, லாபத்தைச் சுருக்கிக் காட்டுவது சகஜம். மொத்த வருமானம் 60,000, செலவு 52,000, படிவத்தின் 31-ஆவது வரிசையில் நிகர லாபம் 8,000 என்று வைப்போம். 2020 கொரோனா காலத்தில் சிறு வணிகங்களுக்கு அரசு கொண்டுவந்த பிபிபி கடன், ஆள் வைக்காத தனி வியாபாரிக்கு அந்த நிகர லாபத்தை 12-ஆல் வகுத்து 2.5-ஆல் பெருக்கியது. வந்தது 1,667 டாலர். 2021 மார்ச்சில் விதியை மாற்றி மொத்த வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதே கடைக்கு 12,500! ஆனால் முன்பே கடன் ஒப்புதலானவர்கள் திரும்பக் கேட்க முடியவில்லை. வரி எழுதித் தருபவர் மிச்சப்படுத்திய சில நூறு டாலருக்குக் கொடுத்த விலை இது. இதை இரண்டு மணி நேர வகுப்பில் சொன்னால் ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய தாளிலேயே விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

அவசரத்துக்கு ஒரு கூட்டம் இரண்டே நாளில் பணம் தரும், 'மெர்ச்சன்ட் கேஷ் அட்வான்ஸ்'. வட்டி என்று சொல்லாமல் 'ஃபேக்டர் 1.3' என்பார்கள். 20,000 வாங்கினால் 26,000 கட்ட வேண்டும். ஆறு மாதத்தில் முடிக்க, வேலைநாள்தோறும் கணக்கிலிருந்து சுமார் 208 டாலர் உருவப்படும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டும். நம்மூர்த் தண்டல்தான், வசூலுக்கு ஆள் வருவதில்லை, அவ்வளவே.

மாட்டிக்கொண்ட பிறகு அமைப்பைத் தேடி வருவதில் பெரிய தடை ஒன்று உண்டு. அமெரிக்க அரசின் சிறுதொழில் துறையான எஸ்பிஏ-வின் சிறுகடன், மைக்ரோலோன், 50,000 டாலர் வரை இதே லாப நோக்கற்ற அமைப்புகள் வழியாகத்தான் வருகிறது. ஆனால் அந்தப் பணத்தால் பழைய கடனை அடைக்கக் கூடாது என்பது விதி. அடுப்பு வாங்கலாம், சரக்கு வாங்கலாம், தண்டலை அடைக்க முடியாது. ஆகவே தொலைபேசியில் முதல் அழைப்பிலேயே 'உங்கள் கணக்கிலிருந்து தினமும் யாராவது எடுக்கிறார்களா?' என்று கேட்டுவிட வேண்டும். பல அமைப்புகளின் விண்ணப்பத்தில் இந்தக் கேள்வி ஏழாவது பக்கத்தில் இருக்கிறது.