ஃப்ரிட்ஜ் ஏன் ஹாலில் நிற்கிறது?

என் தங்கை பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வாங்கிய ஃப்ளாட்டில் பால் காய்ச்சி எட்டு மாதம் ஆகிறது. பதினான்கு மாடிக் கட்டடம். வாசலில் நீரூற்று, லாபியில் பளிங்குத் தரை, இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தாத்தா காலத்திலிருந்து வாடகை வீட்டிலேயே இருந்த குடும்பம் எங்களுடையது.

ஆனால் ஃப்ரிட்ஜ் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. பிளானில் சமையலறைக்குள் அதற்கென்று ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். அங்கே வைத்தால், துவைக்கவும் துலக்கவும் ஒட்டினாற்போல் விட்டிருக்கும் யூட்டிலிட்டிக்குப் போகும் கதவு பாதிதான் திறக்கிறது. யூட்டிலிட்டி மூன்றடி அகலம். வாஷிங் மெஷின் உள்ளே போனபிறகு பாத்திரம் துலக்க ஒருக்களித்துத்தான் நிற்க வேண்டும். கிரைண்டர் பால்கனிக்குப் போய்விட்டது. சமையலறை ஜன்னல், குழாய்கள் இறங்கும் ஒடுக்கமான ஷாஃப்டைப் பார்த்து இருப்பதால் மீன் வறுத்த வாசம் வெளியே போக வழியில்லாமல் படுக்கையறைக்குள் வருகிறது. தினமும் மூன்று வேளை சமைக்கிற வீடு இது. இந்த அறையை வரைந்தவர் அங்கே ஒரு நாளாவது நின்று தோசை சுட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குக் கோபமாக வருகிறது.

டைல்ஸ் பிடிக்கவில்லையென்றால் பத்து வருடம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். பெயின்ட், விளக்கு, ஃபால்ஸ் சீலிங் எல்லாமே அப்படித்தான். தூண் எங்கே நிற்கிறது, குழாய் எந்த ஷாஃப்டில் இறங்குகிறது, ஜன்னல் எந்தத் திசை, இதையெல்லாம் யார் மாற்ற முடியும்? அலுமினிய அச்சு வைத்து வார்க்கும் மிவான் முறையில் கட்டும் கட்டடங்களில் உள்சுவரையும் கான்கிரீட்டாகவே வார்த்துவிடுகிறார்கள். அங்கே ஒரு கதவை அரையடி நகர்த்துவதுகூட முடியாது. ஆனாலும் ஃப்ளாட் பார்க்கப் போகும்போது மாற்றக்கூடியதைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருகிறோம். நானும் தங்கையோடு போனவன்தான். கிளப் ஹவுஸ் எத்தனை சதுர அடி என்று கேட்டேன். சமையலறை அகலத்தைக் கேட்கவில்லை.

மாடல் ஃப்ளாட்டில் எல்லாம் கச்சிதமாக இருந்தது உண்மை. பிறகு வேறொரு இடத்தில் மாடல் ஃப்ளாட் பார்க்கப் போனபோது டேப் எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலின் நீளம் ஆறடிகூட இல்லை. படுக்கையறைகளுக்குக் கதவே மாட்டவில்லை. அலமாரி ஒன்றேகால் அடி ஆழம். அதில் ஹேங்கரை நேராக மாட்ட முடியாது. சாதாரண குயின் சைஸ் கட்டில் ஆறரை அடி, அலமாரி இரண்டடி. பத்தடி அகல அறையில் இரண்டையும் எதிரெதிரே போட்டால் நடுவில் ஒன்றரை அடிதான் மிச்சம். அலமாரிக் கதவைத் திறந்தால் ஆள் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும்.

அப்புறம் கணக்கு. தங்கை வீட்டில் ஹாலிலிருந்து படுக்கையறைகளுக்குப் போக உள்ளே ஒரு நடைபாதை. மூன்றடி அகலம், பதினெட்டு அடி நீளம், 54 சதுர அடி. அவள் கொடுத்த விலை சதுர அடிக்கு 7,500 ரூபாய். ஒரு நாற்காலிகூடப் போட முடியாத அந்த இடத்துக்கு மட்டும் 4,05,000 ரூபாய். வீட்டு மனை, கட்டட விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் (2016) சொல்லும் கார்ப்பெட் ஏரியாவுக்குள், அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப்பரப்புக்குள், இந்த நடைபாதையும் அடக்கம், உள்சுவர்களின் கனமும் அடக்கம். வெளிச்சுவர், ஷாஃப்ட், பால்கனி எல்லாம் அதில் சேராது. அதனால் கார்ப்பெட் ஏரியாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரே கார்ப்பெட் ஏரியா உள்ள இரண்டு வீடுகளில் ஒன்றில் தாராளமாக வாழலாம், இன்னொன்றில் முட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கே.கே. நகரில் நாங்கள் வளர்ந்த மூன்று மாடிக் குடியிருப்பில் அலங்காரம் என்று எதுவும் கிடையாது. முன்பக்கம் ஒரு பால்கனி, பின்பக்கம் ஒரு பால்கனி, நடுவில் வீடு. மே மாதத்திலும் மதியத்துக்குமேல் கடல்காற்று புறப்பட்டால் பின்கதவைத் திறந்து வைப்போம், காலண்டர் படபடக்கும். இப்போது நடுவில் ஒரு நீள காரிடார் விட்டு இரண்டு பக்கமும் வீடுகளை அடுக்குகிறார்கள். நடுவீடுகளுக்கு ஒரே பக்கம்தான் ஜன்னல். வந்த காற்று வெளியே போக வழி இல்லையென்றால் காற்றே வராது. கிழக்கு பார்த்த வீட்டுக்குப் போட்ட அதே பிளானைத் திருப்பி மேற்கிலும் போட்டுவிடுகிறார்கள், அதே தரைவரைக் கண்ணாடியோடு. வெளியிலிருந்து பார்க்க எலிவேஷன் ஒரே சீராக அழகாக இருக்கிறது. மேற்கு வீட்டுக்காரர்கள் மார்ச்சிலேயே மூன்று மணிக்குத் திரையை இழுத்துவிட்டு ஏசி போட்டுக்கொள்கிறார்கள்.

இடம் விலை அதிகம், அதனால்தான் இப்படி என்று சொல்வார்கள். இடநெருக்கடி எனக்கும் புரிகிறது. ஆனால் கதவை எந்தப் பக்கம் திறக்க வைப்பது, கழிவறை வாசல் சாப்பாட்டு மேசையைப் பார்க்காமல் இருப்பது, ஹாலில் ஒரு சுவரையாவது முழுசாக விடுவது, இதற்கெல்லாம் கூடுதலாக நிலம் வேண்டாம். தங்கை வீட்டு ஹாலில் நான்கு கதவுகள். கொலுப்படி வைக்க ஆறடிச் சுவர் தொடர்ச்சியாகக் கிடைக்கவில்லை. போன நவராத்திரிக்கு மூன்று படியைப் படுக்கையறையில் வைத்தாள்.

விற்பனைக்கு விளம்பரம் செய்யும் பெரிய திட்டங்கள் ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் நம்மிடம் பணம் வாங்குமுன் பில்டர் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். விளம்பரத்தையோ மாடல் ஃப்ளாட்டையோ நம்பிப் பணம் கட்டி, அது பொய்யாகப் போய் நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கவும் 12ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் மோசமான பிளானை அப்படியே பிசகாமல் கட்டிக் கொடுத்தால் எந்தச் சட்டமும் உதவாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, அளவு போட்ட பிளானை வாங்கி, உங்கள் வீட்டுக் கட்டில், ஃப்ரிட்ஜ், பீரோவை டேப்பால் அளந்து, அதே அளவுக்குக் காகிதத்தில் வெட்டி அதன்மேல் வைத்துப் பாருங்கள். கட்டி முடித்த வீடென்றால் டைல்களை எண்ணினாலே அறையின் அளவு தெரிந்துவிடும். பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி டைல்தான்.

என் அண்ணன் மகன் இந்த ஞாயிறு மேடவாக்கம் பக்கம் ஒரு ஃப்ளாட் பார்க்கப் போகிறான். நேற்று வாட்ஸாப்பில் பிளான் அனுப்பினான். வண்ணம் போட்டு, சோபா, செடியெல்லாம் வரைந்து அழகாக இருக்கிறது. வடக்கு எந்தப் பக்கம் என்று குறிக்கவில்லை, அறைகளுக்கு அளவும் இல்லை. இரண்டையும் கேட்டு வாங்கு, அதற்கப்புறம் நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.