கோதுமையை நிறுத்துவதற்கு முன்

சர்க்கரை நோய் என்று தெரிந்த மறுநாளே இரவுச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறுவது தமிழ்நாட்டில் எழுதப்படாத விதியாகிவிட்ட இந்தக் காலத்திலும், கோதுமையால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோயை வடநாட்டு வியாதி என்று நாம் ஒதுக்கி வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் மொத்தம் 23,331 பெரியவர்களைப் பரிசோதித்தது. இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்கள், அதாவது நோய் எதிர்ப்பு மண்டலம் சுரக்கும் புரதங்கள், வடக்கில் 1.23 சதவீதம் பேரின் ரத்தத்திலும் தெற்கில் 0.10 சதவீதம் பேரின் ரத்தத்தில் மட்டுமே இருந்தன. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதி அடைகிறவர்கள் அதே ஆய்வின் மற்ற இரண்டு தகவல்களையும் படிக்க வேண்டும். நோய்க்கு இடங்கொடுக்கும் டி.க்யூ.2, டி.க்யூ.8 மரபணு வகைகள் இரு பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு மேல் இருந்தன. நாளொன்றுக்கு உண்ட கோதுமையோ வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். அரிசிச் சோறுதான் இதுவரை நம்மைக் காத்திருக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை, அந்த மரபணு உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினரின் நோய் எதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதித் தாக்குகிறது. அந்தச் சண்டையில் சிறுகுடலின் உட்சுவரில் நுண்ணிய விரல்கள்போல நீட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுவதால், உண்ட உணவிலிருந்து இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உடம்பில் சேர்வதில்லை. வயிற்றுப்போக்கே இல்லாமல், எத்தனை இரும்பு மாத்திரை போட்டாலும் ஏறாத ரத்தசோகையாகவோ பிள்ளையின் வளர்ச்சிக் குறைவாகவோ மட்டும் இந்நோய் தலைகாட்டலாம். ரத்தசோகை இவ்வளவு மலிந்த நம் ஊரில், "கீரை சாப்பிடுவதில்லை, அதனால்தான்" என்ற தீர்ப்போடு விசாரணை முடிந்துவிடுகிறது.

குடலுறிஞ்சிகள் தட்டையாக இருந்தாலே சீலியாக் என்றும் சொல்லிவிட முடியாது. 1960களில் வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கொள்ளைநோய்போலப் பரவிய வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயைப் பேக்கர், மாதன் முதலிய மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். அதிலும் குடல் இதேபோலச் சிதைகிறது, ஆனால் அதற்குத் தருவது டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் ஃபோலிக் அமிலமும். எனவே ரத்தத்தில் சீலியாக் நோயில் கூடும் டி.டி.ஜி. எதிர்ப்பொருள், தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி வழியாகக் குடல் திசு என இரண்டையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர்கள் முடிவு சொல்கிறார்கள்.

யூடியூப் அறிவுரையைக் கேட்டுக் கோதுமையை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, பல மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் மீதுதான் எனக்கு வருத்தம். கோதுமை உண்ணும்போதுதான் அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் நிற்கும்; நிறுத்தினால் அது மெல்லக் குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கும், உண்மையிலேயே நோய் இருப்பவருக்கும் இல்லை என்று முடிவு வரக்கூடும். சந்தேகம் இருந்தால் வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டே முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

நோய் உறுதியானவருக்கு, நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் டிக்கே 1950இல் தம் ஆய்வேட்டில் நிறுவிய கோதுமை விலக்குதான் இன்றைக்கும் சிகிச்சை. புதிய மருந்துகளுக்கான ஆய்வுகள் நடக்கின்றன. பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட லாரசோடைடு என்ற மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வு 2022இல் கைவிடப்பட்டது. ஆகவே எல்லாம் சமையலறையில்தான் இருக்கிறது. இட்லி, பொங்கல், கேழ்வரகுக் களி எல்லாம் நம்மிடம் இருக்க இது எளிது என்று தோன்றும். ரவை, சேமியா, பரோட்டாவை விலக்குவதும் பெரிய காரியமில்லை. சிக்கல் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காய டப்பாவில். அதைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால், பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பது தெரியும். சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் என நாள் முழுக்க அது உள்ளே போகிறது. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. விலை கூடிய பிஸ்கட் பொட்டலத்தில் அந்த வாசகத்தைத் தேடுகிறவர்கள், பெருங்காயம் வாங்கும்போதும் தேடட்டும்.