கவலையால் வலியா, வலியால் கவலையா?
ஃபைப்ரோமயால்ஜியா என்பது உடம்பு முழுக்க மாதக்கணக்கில் வலி நீடிக்கும் நோய். 'எதற்கெடுத்தாலும் கவலைப்படும் சுபாவமுள்ள பெண்களுக்குத்தான் ஃபைப்ரோமயால்ஜியா வலி அதிகம்' என்று அதைப் பற்றிய ஒரு கட்டுரையில் இருப்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. எது முதலில் வந்தது என்று பார்க்க வேண்டாமா? என் அக்கா நூறு பேருக்குச் சமையல் என்றாலும் அசராதவள். இந்த வலி வந்து ஆறு வருஷமாகிறது. இப்போது குக்கரை இறக்கும் முன் ஒரு நிமிஷம் நின்று மணிக்கட்டைப் பார்த்துக்கொள்கிறாள். அதைப் பயந்த சுபாவம் என்று எழுதிவிடலாம். இரண்டு தடவை சாம்பாரோடு கீழே போட்டவளின் ஜாக்கிரதை அது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நார்மல் என்றதும் ஒரு டாக்டர் 'மனசை லேசா வெச்சுக்கோங்கம்மா' என்று அனுப்பிவிட்டார். இந்த நோயைக் கண்டறிய 1990இல் வந்த வரையறைப்படி உடம்பில் 18 இடங்களை அழுத்தி, 11 இடத்திலாவது வலிக்கிறதா என்று பார்ப்பார்கள். 2010இல் வந்த முறையில் அழுத்திப் பார்ப்பது போய், தூக்கம், சோர்வு, மறதி பற்றியும் விசாரிக்கச் சொன்னார்கள். அக்காவிடம் யாரும் தூக்கத்தைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் தியானம் போதும் என்கிறார். சரி, உதவலாம். அவளுக்குக் கைகொடுத்தது தினமும் அரை மணி நேர நடை, அதுவும் காலை டிபன் வேலையை மாமா எடுத்துக்கொண்ட பிறகு.