"வெறும் பென்சில்தானே சார்?"

பாண்டிச்சேரிக்காரர்களுக்குப் பக்கத்து மலை என்றால் செஞ்சிதான். மற்றபடி நம் கண்ணுக்குப் பழகியது கடலும் சவுக்கும். அதனாலோ என்னவோ, லாஸ்பேட்டையில் இருக்கும் ஓவியர் அண்ணன் ஒருவரின் மலைப் படங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. எல்லாமே பென்சில். பெரும்பாலும் தபால் கார்டு அளவு, சிலது அதைவிடச் சின்னது.

செஞ்சி ராஜகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 800 அடி உயரத்துக்குக் குண்டு குண்டாகப் பாறைகள். நானெல்லாம் வரைந்தால் ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட்டு, ஷேடிங் கொடுத்து, கொழுக்கட்டைத் தட்டாக்கி இருப்பேன். இவர் பாறைகளைத் தொடவே இல்லை. இரண்டு பாறைக்கு நடுவே இருக்கும் இடுக்கில் மட்டும், நன்றாகக் கறுக்கும் மெத்தென்ற 6பி பென்சிலை அழுத்தி எடுத்திருக்கிறார். வெயில் படும் பக்கம் வெறும் தாள். பாறை தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது.

நீலகிரிப் படத்தில் வேலையே வேறு. தூரத்து மலை வெளிறித் தெரிவதற்கு நடுவில் இருக்கும் காற்றும் ஈரமும்தானே காரணம்? அதற்காக பென்சிலை மாற்றிக்கொண்டே போகிறார். முன்னால் நிற்கும் சோலைக்கு 4பி, அடுத்த வரிசைக்கு எச்பி, கடைசி மலைக்கு 2எச். எச் பென்சிலில் களிமண் கூடுதல், கிராஃபைட் குறைவு. எவ்வளவு அழுத்தினாலும் ஓரளவுக்கு மேல் கறுக்காது. பள்ளத்தாக்கு மேகத்துக்கு ஒரு கோடுகூட இல்லை. விரலால் தேய்த்து மழுப்பும் வேலையும் கிடையாது. கிட்டே போனால் ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிகிறது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

"இதையே பெருசா, கலர்ல பண்ணலாமே?" என்று அவரிடம் கேட்காதவர் இல்லை. தயவுசெய்து கேட்காதீர்கள். கடுகளவு மரம் ஒன்று ஓரத்தில் நிற்பதால்தான் அந்த உள்ளங்கை அகலத் தாளில் மலை அவ்வளவு பெரிதாகிறது. பெரிய கேன்வாஸ் என்றால் அந்த மரத்துக்கு இலை போட வேண்டிவரும். அப்புறம் எல்லாரும் இலையைத்தான் பார்ப்போம்.

விலையைக் கேட்டுவிட்டு ஒருவர் சொன்னார்: "வெறும் பென்சில்தானே சார்?" பென்சில் பத்து ரூபாய்தான், சரி. ஆனால் ஆயில் பெயின்ட்டில் தப்பினால் மேலே பூசி மறைத்துவிடலாம். இங்கே ரப்பரை அழுத்தித் தேய்த்தால் தாளின் மேல்பரப்பு பிய்ந்து, அந்த இடம் மட்டும் வேறு மாதிரி ஷேட் பிடிக்கும். பாதிப் படம் வெறும் தாளாக இருக்கும்போது அதை எங்கே ஒளிப்பது?

ராஜகிரியை பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன். நீலகிரியையும் கேட்டுப் பார்த்தேன். "அது வேணாம் தம்பி, அது எனக்கு" என்று சொல்லிவிட்டார்.