அந்த ஆக்சிடென்ட்ல எந்தக் கால் ஒடஞ்சுது?

தம்பிகிட்ட கேட்டுட்டுதான் இத எழுதுறேன். "எழுதுக்கா, ஊர் பேரு மட்டும் போடாத"ன்னான். போடல.

2019 கடைசியில பெங்களூர்ல இருந்து வந்து எறங்குனப்ப பதினாலு கிலோ கொறஞ்சிருந்தான். வாயெல்லாம் வெள்ளை வெள்ளையா படிஞ்சு சோறு எறங்கல, ராத்திரியானா காய்ச்சல், சளி டெஸ்ட்ல டிபி. டிபின்னாலே கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஹெச்.ஐ.வி.யும் சேத்து பாப்பாங்க, பாத்தாங்க. சிடி4, அதாவது நோயை எதுத்து நிக்கிற ரத்த அணுக்களோட எண்ணிக்கை, வெறும் 71. 200க்குக் கீழ போனாலே எய்ட்ஸ்ங்கிறாங்க. ஹெச்.ஐ.வி. டெஸ்ட் பாக்கிற நம்பிக்கை மையத்து கவுன்சிலர்கிட்ட பேசிட்டு வெளிய வந்தவன் மரத்தடியில வச்சு ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிட்டான், ஹெச்.ஐ.வி. இருக்கு, எனக்கு பொண்ணுங்கள பிடிக்காது, ஆம்பளைங்களதான் பிடிக்கும்னு. எனக்கு முன்னாடியே தெரியாதுன்னு சொன்னா அது பொய். ஒரு தடவ அவன் போன்ல ஒரு மெசேஜ் பாத்தேன், பாக்காத மாதிரி கவுத்து வச்சுட்டேன்.

அப்பா டாக்டரை தனியா போய் பாத்து "இதுக்கு மாத்திரை இருக்கா"ன்னு கேட்டிருக்காரு. இருக்கு சார், மொதல்ல டிபி மருந்து, ரெண்டு வாரம் கழிச்சு ஹெச்.ஐ.வி.க்கு கூட்டு மருந்து, நல்லாயிடுவான், எல்லாமே ஃப்ரீன்னு டாக்டர் சொல்ல, இவரு "அது இல்ல டாக்டர், அந்த இன்னொன்னுக்கு"ன்னாராம். "அது நோயே இல்லையே சார்"னு சொல்லி அனுப்பிட்டாரு அந்தப் புண்ணியவான். எல்லா டாக்டரும் அப்படி சொல்றதில்லைங்கிறதாலதான் 2021ல மெட்ராஸ் ஹைகோர்ட்டு, ஓரினச்சேர்க்கையை 'மாத்துறேன்'னு வைத்தியம் பாக்கவே கூடாதுன்னு தீர்ப்பு எழுத வேண்டி வந்துச்சு.

அம்மா வேற ரூட்டு. ஒரு எவர்சில்வர் டம்ளருக்கு அடியில நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வச்சாங்க. அப்புறம் ஒரு கதை கட்டுனாங்க. பெங்களூர்ல பைக் ஆக்சிடென்ட், கால் ஒடஞ்சுது, ரத்தம் ஏத்துனாங்க, அதுல வந்துடுச்சு. சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம நம்புனாங்க, ஏன்னா அப்பதான் ஒரு வருஷம் முன்னாடி 2018 டிசம்பர்ல சாத்தூர்ல கர்ப்பிணிப் பொண்ணுக்கு ஹெச்.ஐ.வி. ரத்தத்த ஏத்துன நியூஸ் வந்து ஊரே கொதிச்சுப் போயிருந்துச்சு. பெரியப்பா ஆஸ்பத்திரி மேல கேஸ் போடணும்னு நின்னாரு! எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டா அம்மா என்னைப் பாக்குறாங்க, நான் ஃபேனைப் பாக்குறேன். தம்பி படுத்த இடத்துலேர்ந்து மெதுவா கேட்டான், "அக்கா, எந்தக் கால் ஒடஞ்சுதுன்னு அம்மாகிட்ட கேட்டு சொல்லு, நான் அதுக்கேத்த மாதிரி நடக்கணும்ல."

அன்னைக்கு சிரிச்சேன். இப்ப நெனச்சா எரியுது. ஹார்லிக்ஸ், ஆப்பிள், விபூதின்னு வந்ததெல்லாம் அந்த ஒடஞ்ச காலுக்கு வந்தது, இவனுக்கு வந்தது இல்ல. சாத்தூர்ல அந்த ரத்தத்த குடுத்தவன் ஒரு சின்னப் பையன், குடுக்கும்போது அவனுக்கே தெரியாது, பின்னாடி தெரிஞ்சதும் அவனேதான் போய் சொன்னான், கடைசியில விஷம் குடிச்சு செத்துப்போனான். எங்க வீட்டுல சாத்தூர் பேச்சு எத்தனையோ தடவ வந்திருக்கு, அவன் பேச்சு ஒரு தடவகூட வரல.

அப்பாவுக்கு இருபது வருஷமா சுகர். "எப்படி வந்துச்சு"ன்னு அவரை யாரும் கேட்டதில்ல. தம்பிக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சந்தேகம் இருந்திருக்கு, டெஸ்ட் எடுக்கல. ஏண்டான்னேன். "பாசிட்டிவ்னு வந்தா மாத்திரை போட்டுக்கலாம்க்கா, எப்படி வந்துச்சுன்னு நீங்க கேப்பீங்களே, அதுக்கு என்ன சொல்றது"ன்னான். நான் இத எழுதறதே இதுக்குத்தான். சிடி4ஐ 71 வரைக்கும் எறக்குனதுல பாதி வைரஸ், பாதி நாங்க.

ஓரினச்சேர்க்கையைக் குத்தம்னு சொன்ன 377வது சட்டப் பிரிவை சுப்ரீம் கோர்ட்டு தளர்த்துனது 2018 செப்டம்பர் 6. ஹெச்.ஐ.வி. இருக்கிறவங்கள ஒதுக்கக் கூடாதுங்கிற சட்டம் அமலுக்கு வந்தது அதே செப்டம்பர் 10. நாலே நாள்ல நாடு ரெண்டையும் முடிச்சுடுச்சு, எங்க வீட்டுக்கு அந்த டம்ளரை மாத்தவே நாலு வருஷம் ஆச்சு. (ஒரு ஸ்கேன் சென்டர்ல ஃபைல் மேல ஹெச்.ஐ.வி.ன்னு செவப்பு மையில கொட்டையா எழுதி எல்லாரும் பாக்கற மாதிரி நீட்டுனாங்க, சட்டம் வந்து ரெண்டு வருஷம் ஆன பிறகு. அது தனிக் கதை.)

இப்ப அவன் எழுபது கிலோ. மொதல்ல குடுத்த மாத்திரைக்கு தலை சுத்தும், கண்ட கண்ட கனவா வரும், அப்புறம் டோலுடெக்ராவிர் இருக்கிற மாத்திரைக்கு மாத்துனாங்க, ராத்திரி ஒண்ணு, அவ்ளோதான். வைரல் லோடு, அதான் ரத்தத்துல இருக்கிற வைரஸ் அளவு, கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் கொறஞ்சு அப்படியே நிக்குது, அப்படி நின்னா உடலுறவு வழியா இன்னொருத்தருக்குப் பரவாது. இத அம்மாவுக்கு மூணு தடவ சொல்லியாச்சு. தலையாட்டுவாங்க.

போன பொங்கலுக்கு அத்தை வந்திருந்தாங்க. "பனிக்கு அந்தக் கால் வலிக்குதாடா"ன்னு கேட்டாங்க. அம்மா கரண்டியோட அப்படியே நின்னுட்டாங்க. தம்பி ஒரு நிமிஷம் அம்மாவைப் பாத்துட்டு "லேசா வலிக்கும் அத்தை"ன்னான். அடுத்த வாரமே அத்தை ஒரு பாட்டில் தைலம் குடுத்துவிட்டாங்க. அம்மாதான் டெய்லி ராத்திரி அத எடுத்து தன் முட்டிக்குத் தேய்ச்சுக்கிறாங்க.