வாசனையை மட்டும் நம்பிக் காட்டுப் பூண்டு பறிக்காதீர்கள்

"கசக்கி முகர்ந்து பாருங்கள், பூண்டு வாசனை வந்தால் பயமில்லாமல் பறிக்கலாம்" என்று, இலையைச் சாப்பிடுவதற்காகக் காட்டில் பறிக்கும் காட்டுப் பூண்டுச் செடியைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் இலைக்கு அது சரி. நாலு இலை பறித்ததும் விரலெல்லாம் பூண்டு மணம் ஏறிவிடும்; அப்புறம் எந்த இலையைக் கசக்கினாலும் அதே வாசனைதான்.

ஐரோப்பாவின் ஈரக் காடுகளில், அதே வசந்த காலத்தில், சில இடங்களில் காட்டுப் பூண்டுக்கு நடுவிலேயே, அதைப் போலவே இலை கொண்ட லில்லி ஆஃப் தி வேலி, கோல்சிகம் என்ற செடிகளும் முளைக்கின்றன. இரண்டும் கடும் விஷம். கோல்சிகத்தில் உள்ள கோல்சிசின் என்ற நச்சு சமைத்தாலும் போகாது.

அதனால் இலையின் அடியைப் பாருங்கள். காட்டுப் பூண்டில் ஒவ்வொரு இலையும் தனக்கென ஒரு மெல்லிய காம்போடு தரையிலிருந்து எழும், தொட்டால் துவளும். லில்லியில் இரண்டு இலைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஒரே தண்டில் வரும். கோல்சிகம் இலைக்குக் காம்பே கிடையாது, விறைப்பாகக் கொத்தாக நிற்கும்.

தயவுசெய்து கைப்பிடி கைப்பிடியாக அறுக்காதீர்கள், இலை இலையாகப் பறியுங்கள். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், மிச்சமிருக்கும் இலையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.